சைகைக்கு முன் ஓடாதே

பழங்காலத்தில் கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடந்தன. வென்றவன் தலையில் சூட்டியது வெறும் தழை வளையம். சில நாளில் சருகாகிவிடும். அந்த ஊரில் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்த பவுல், வாடாத கிரீடத்துக்காக ஓடுகிறவர்களுக்கு எவ்வளவு இச்சையடக்கம் வேண்டும் என்று அந்தச் சபைக்கே எழுதினார் (1 கொரி. 9:24-27).

அன்றைய கிரேக்கப் போட்டிகளில் கண்டிப்பு அதிகமாக இருந்தது. ஒலிம்பியாவில் பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்ததாக வீரர்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சைகைக்கு முன்பே காலெடுத்து வைத்தவனுக்கு, அவன் எவ்வளவு வேகக்காரனாக இருந்தாலும், பிரம்படிதான். விதிப்படி போட்டியிடாதவனுக்குக் கிரீடம் இல்லை என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னதும் இதையே (2 தீமோ. 2:5).

நமக்கு வேகத்துக்குக் குறைவில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் பொங்கிய உற்சாகம், மறுநாள் அதிகாலை அலாரம் அடித்ததும் அடங்கிவிடுகிறது. 'உம்முடைய சித்தம் ஆண்டவரே' என்று ஜெபிக்கிறோம். பதில் வருமுன் முடிவெடுத்து ஓடிவிடுகிறோம். முதலாவதில் பயிற்சி இல்லை. இரண்டாவதில் கீழ்ப்படிதல் இல்லை.

இன்று ஒரு காரியத்திலாவது கர்த்தருடைய வார்த்தைக்குக் காத்திருங்கள். யாரோடாவது ஒப்புரவாகும்படி அவர் உணர்த்தினால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் உடனே புறப்படுங்கள்.