சீனப் பெட்டிக்கு என்ன வயது?

தென்காசி, கடையநல்லூர் பக்கத்துப் பழைய முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் ஒரு சீனப் பெட்டி இருக்கும். கற்பூர மரம். மூடியிலும் முகப்பிலும் பாய்மரக் கப்பல், மூங்கில், அடுக்குக் கோபுரம் என்று ஆழமாகச் செதுக்கியிருப்பார்கள். தறி நொடித்த காலத்தில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனார்கள். 1946இல் சிங்கப்பூரில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கியவர்களே கடையநல்லூர்க்காரர்கள்தாம். வாப்பாவின் உம்மா அங்கிருந்து கொண்டுவந்த பெட்டி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.

“நூறு வருஷம் இருக்குமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மரமே ஓரளவு சொல்லும். மூலையில் பலகைகள் கோத்திருக்கும் பற்கள் அளவு மாறி மாறி இருந்தால் கைவேலை. கீலில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அது 1930களுக்குப் பிந்தையது. ஆனால் பின்னால் யாரோ மாற்றிய ஸ்க்ரூவாகவும் இருக்கலாம். பக்கத்தில் பழைய துளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிச் செதுக்குப் பெட்டிகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென்று செய்தவை. இருநூறு வருஷம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதற்கு மேல் மரம் சொல்லாது. 1926இல் கட்டி 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் வந்ததா? யார் உழைத்த காசு? யார் கல்யாணத்துக்கு வாங்கியது? எனக்கு இந்தக் கேள்விகள்தாம் பெரிது. செய்த ஆண்டை அடுத்த தலைமுறையில்கூட விவரம் தெரிந்தவர் யாராவது கணித்துவிடலாம். இவற்றைப் பெரியம்மா இருக்கும்போதே கேட்டாக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவருகிறேன்.

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் இங்கே மரம் ஊதும், மூடி இறுகும். தச்சர் இழைத்துத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்பேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது அங்கே இடுக்கு விழும். உள்பக்கம் வார்னிஷ் கூடவே கூடாது. பூச்சியை விரட்டுவது அந்த வாசனைதான், வார்னிஷ் அதை அடைத்துவிடும். வாசனை மங்கினால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பட்டுப் புடவையை, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மரத்தின் எண்ணெய் நேரே பட்டால் கறை பிடிக்கும். பித்தளைப் பூட்டுக்குப் புளி போட்டால் மின்னும், ஆனால் ஒழுகும் சாறு மரத்தைக் கெடுத்துவிடும்.

மூடியின் விளிம்பில் பல பெண்களின் கைபட்டு வழவழப்பான இடம் ஒன்று உண்டு. அதையும் இழைத்து, பாலிஷ் போட்டால் நல்ல விலை போகும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட நான் விட மாட்டேன். பெட்டியைக் கூடத்தில் காட்சிக்கு வைக்கவும் எனக்குச் சம்மதமில்லை. செங்கல் மேல் ஏற்றி, சுவரை விட்டுத் தள்ளி, உள்ளறையிலேயே வைத்திருக்கிறோம். மகளின் புடவைகளும் இப்போது அதில்தான். எடுக்கவும் வைக்கவும் அடிக்கடி திறப்பதால் காற்று போகிறது. அடியில் செல் ஏறினாலும் அன்றைக்கே கண்ணில் படும்.