தெரியாத பிள்ளைக்கு எழுதுவது

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வீட்டில் வளரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பால் எந்தப் பக்குவத்தில் திரளும், சர்க்கரையை எப்போது போடுவார்கள், துடுப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தத்தோடு தூங்கி எழும் பிள்ளைக்குப் பேண்டேஜ் துணியை ஏன் இழை விட்டு நெய்கிறார்கள் என்று தெரியும். இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவருமே தாங்கள் அறிந்ததைப் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பார்ப்பது அபூர்வம். எழுதச் சொன்னால் பசுவைப் பற்றி எழுதுவார்கள். பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள், அது நமக்குப் பால் தருகிறது.

அந்த வரிகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது எழுதிய பிள்ளைக்கும் தெரியும், திருத்தும் டீச்சருக்கும் தெரியும். யாருக்கும் எதையும் சொல்லாத எழுத்து அது. உண்மைச் செய்தியைப் படிக்கவும் எழுதவும் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது எப்படி என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இங்கேதான் தொடங்குகிறது: தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்ற நினைப்பு பிள்ளைக்கு வேண்டும். மற்றவை எல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

முதலில் படிப்பைப் பார்ப்போம். கதையின் பக்கம் நமக்குக் குறையில்லை. ராஜபாளையத்துக்காரரான கொ.மா.கோதண்டம் ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ எழுதி 2012இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். தமிழ்நாடு அரசும் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் பொருள் புரிவது எழுத்துக் கூட்டுவதால் மட்டும் வந்துவிடாது.

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் விவரிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். படிப்புத் திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கிறவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். சத்திரப்பட்டியில் இதை நிரூபிக்க ஆய்வே தேவையில்லை. பாவு, ஊடு, நாடா என்று நெசவுச் சொற்கள் வரும் ஒரு பத்தியை அங்கே கொடுத்தால், திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைகூட அர்த்தத்தைப் பிடித்துவிடும். உலகத்தைப் பற்றித் தெரிந்திருப்பதுதான் படிப்பின் பாதி. அந்தத் தெரிதலைக் கொடுக்கும் பக்கங்களைத்தான் நாம் சின்ன வகுப்புகளில் கொடுக்கத் தயங்குகிறோம். நம் ஊரில் மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டில் நெல் டியூக் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் வட்டாரத்து 20 முதல் வகுப்புகளில் தகவல் நூல்களோடு கழிந்த நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடம்தான் என்று தெரியவந்தது.

சிறு பிள்ளைக்குக் கதைதான் பிடிக்கும், செய்தி கசக்கும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில் மரம் விட்டு மரம் தாவுவதைப் பார்த்த பிள்ளை அடுத்துக் கேட்பது கதை இல்லை. அது என்ன தின்னும், எங்கே தூங்கும், நம்ம வீட்டு அணிலைவிட ஏன் இவ்வளவு பெரிசு என்றுதான் கேட்கும்.

தமிழில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. கதையில் அணில் கூடு ‘கட்டியது’. செய்தியில் அணில் கூடு ‘கட்டும்’. என்றும் நடப்பதைச் சொல்ல இந்த ‘உம்’ போதும். பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைகள் பேச்சில் இரண்டையும் மாறாமல் கையாளுகிறார்கள். ஆசிரியர் செய்ய வேண்டியது, இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து, இதில் ஒரு நாள் நடந்தது எது, எப்போதும் நடப்பது எது என்று கேட்பதுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

படிக்கும் முறையும் வேறு. கதையை நடுவில் திறந்தால் ஒன்றும் விளங்காது. தகவல் நூலை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளும் அகரவரிசையில் அமைந்தவை. அணில் வேண்டுமென்றால் முதல் தொகுதிக்குப் போக வேண்டும், யானை வேண்டுமென்றால் பின்னால். இணையத்திலும் படிக்கக் கிடைக்கிறது. செய்திகள் சில பழையதாகியிருக்கலாம். ஆனாலும் தலைப்பைத் தேடுவது, படத்தின் கீழே உள்ள வரியைப் படிப்பது, வேண்டியது கிடைத்ததும் நிறுத்துவது ஆகிய மூன்றையும் பழக்க அதைவிடத் தோதான தமிழ் நூல் என் கண்ணில் பட்டதில்லை.

இனி எழுத்து. இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டத்தை முதலில் கொடுத்துவிட்டு, உள்ளே வைக்க எதுவும் இல்லாமல் பிள்ளையைத் தவிக்கவிடுகிறோம். முதலில் வர வேண்டியது ஒரு கேள்வி. தறியிலிருந்து வந்த, வெளுக்காத துணித் துண்டு ஒன்றையும் கடையில் வாங்கிய பேண்டேஜ் துண்டு ஒன்றையும் இரண்டு கிண்ணத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். பேண்டேஜ் உடனே நனைந்து அமிழும். மற்றது வெகுநேரம் மிதக்கும். இரண்டும் பருத்திதானே, ஏன்? பிள்ளை வீட்டில் கேட்டு வரட்டும். பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகும் எண்ணெயும் இருக்கின்றன, அவை தண்ணீரை ஒட்டவிடுவதில்லை, காரக் கரைசலில் வேகவைத்து அவற்றை நீக்கி வெளுத்த பிறகே துணி உறிஞ்சும் என்று யாராவது ஒருவர் சொல்வார். இப்போது பிள்ளைக்கு எழுத ஒன்று இருக்கிறது. முதலில் பேச்சுத் தமிழிலேயே எழுதட்டும். ‘தண்ணி குடிக்கல’ என்று எழுதினால் அதை அடிக்க வேண்டாம். விஷயம் தாளில் வந்து உட்கார்ந்த பிறகு, ‘உறிஞ்சவில்லை’ என்று மாற்றிக்கொள்ள ஒரு நாள் போதும். பிழை திருத்தத்தை முதல் நாளே தொடங்கினால் பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதப் பழகும். பிறகு மறுபடியும் பசுதான்.

ஒரு செய்தியை இன்னொன்றோடு இணைப்பது அடுத்த படி. அணில் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரங்களின் கிளைகள் தொடும் இடத்தில்தான் சாம்பல் நிற அணில் பெரும்பாலும் கூடு கட்டும். எதிரி வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவிவிடலாம். ‘கூடு கிளைகள் தொடும் இடத்தில் இருக்கும்’ என்று எழுதிய பிள்ளையிடம், ‘அப்போ பக்கத்து மரத்தை வெட்டிட்டா?’ என்று கேட்டால் போதும். ‘அதனால்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை தானாகத் தேடிக்கொள்ளும்.

இதற்கு மேலே ஒரு படி இருக்கிறது, நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு உரியது: உனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தேன், தாத்தா சொன்னார், புத்தகத்தில் இருந்தது என்ற மூன்றும் மூன்று விதம் என்று பிள்ளைகள் பிரித்தறிய வேண்டும். இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அருமையான பாடம் நிற்கிறது. 11 நிலை ராஜகோபுரம். அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம் என்று அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் எழுதும், தமிழ்நாடு முழுவதும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் 1949இல் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தை மனத்தில் வைத்து வரைந்ததாகச் சொன்னார் என்றும் பதிவு உண்டு. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. முத்திரைப் படத்தையும் இரண்டு கோபுரங்களின் படங்களையும் முன்னால் வைத்து, பார்த்ததை எழுதச் சொல்லலாம். ‘இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்’ என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் ஊரைப் பற்றியே எழுதினால், அதைவிடப் பெரிய தேர்ச்சியை நான் கேட்க மாட்டேன்.

கடைசியாக, படிக்கப்போகும் அந்தத் தெரியாத ஆள். பிரான்சில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், 1920களில் தம் மலைக் கிராமப் பள்ளியில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வைத்தார். பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதியதை அவர்களே அச்சுக் கோத்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில் உள்ள ஒரு கடலோரப் பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் வந்தன. கடலோரத்தில் வளராத பிள்ளைக்குக் கடலை விளக்க வேண்டும் என்றபோது வாக்கியம் தெளிவாகியே தீர வேண்டியிருந்தது.

நமக்கு அச்சுப்பொறி வேண்டாம், நகல் எடுத்தால் போதும். நாட்டின் மறுகோடியும் வேண்டாம். ராஜபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றும் மாதம் ஒரு முறை தங்கள் பிள்ளைகள் எழுதிய பக்கங்களை ஒரு உறையில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பேண்டேஜைப் பற்றிப் படித்த பிள்ளை, ‘நாடா என்றால் என்ன, எனக்குப் புரியவில்லை’ என்று பதில் எழுதும். அந்த ஒரு வரி தரும் பயிற்சியை எந்தச் சிவப்பு மையும் தராது. இரண்டு ஊரிலும் ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு பள்ளியைத் தேடிப் பிடித்து முதல் உறையை அனுப்புங்கள்.