பாட்டுக்கும் பூட்டா?

"பொருளைச் செய்பவன் தன் விருப்பம்போல் செய்கிறான், தனக்கு ஆதாயம் தரும் இடத்தில் விற்கிறான். வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் விலகிப் போ. இதிலே அறம் எங்கே வந்தது, அநீதி எங்கே வந்தது?" வணிகத்துக்கு வக்காலத்து வாங்குவோர் கேட்கும் கேள்வி இது. எளிதிலே ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அன்று. எனவே, ஏட்டுத் தத்துவங்களை விடுத்து, நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்ட செய்தி ஒன்றை வைத்து இதனை ஆராய்வோம். இசை அமைக்க உதவும் மென்பொருளே அச்செய்தி.

இன்று பாட்டுப் பிறக்கும் இடம் கணினி. குரலைப் பதிவதும், தாளத்தைச் சேர்ப்பதும், பிசிறு நீக்குவதும், பல ஒலிகளை ஒன்றாய்க் குழைப்பதும் மென்பொருளின் வேலை. அவற்றுள் பெயர் பெற்றவை ப்ரோ டூல்ஸ், கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், எஃப்.எல். ஸ்டுடியோ. லாஜிக் ஆப்பிள் கணினியில் மட்டுமே இயங்கும். ஏனைய நான்கும் வின்டோசிலும் ஆப்பிளிலும் இயங்கும். லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்டது இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

லினக்ஸ் என்பது யாது? 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைக்க, உலகெங்கும் உள்ளவர்கள் கூடி வளர்த்தது. அதற்கு விலை இல்லை. அதில் மறைவும் இல்லை. உள்ளே இருப்பதை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இலவசம்தானே என்று எள்ளிவிட வேண்டா! 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்சில்தான் இயங்கி வருகின்றன. உங்கள் சட்டைப்பையில் உறங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே.

நமக்கும் அதற்கும் என்ன உறவு என்பீர்களோ? நெருங்கிய உறவு உண்டு! தாம்பரத்தில் ரயிலேறினால் இரண்டாம் நிலையம் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் 2005இல் கைகோத்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், வின்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே மாணவர் கைக்கு வந்தது. 2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் வின்டோசுக்கு அருகே உபுண்டு லினக்சை அமர்த்திற்று.

அரசு ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவுக்கு அப்பால் வணிகம் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறது.

என் மாணவன் ஒருவன், பறையிசைக்கும் குடும்பத்துப் பிள்ளை. தந்தை அடிக்கும் அடிகளைப் பதிவு செய்து, தான் எழுதிய பாட்டை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் லினக்சும் இருந்தது. பெயர் பெற்ற மென்பொருள் எதுவும் அதில் ஏறவில்லை. வின்டோசில் ஏறும், ஆனால் விலையைக் கேட்டால் வீடே நடுங்கும்! முடிவு என்ன? நண்பன் தந்த திருட்டுப் பிரதி. "ஐயா, இது திருட்டா?" என்று என்னிடம் கேட்டான். "ஆம்" என்றேன். "அப்படியானால் நேர்வழி எது?" என்றான் அடுத்த நொடி. அறநூல் பயின்றோர் அனைவரும் நின்று விடை கூற வேண்டிய கேள்வி அல்லவா அது?

வணிகர் தரப்பை முதலில் கேட்போம். மூன்று காரணம் கூறுவர்.

லினக்ஸ் இசைக்கு ஏற்றதன்று என்பது முதற் காரணம். விரல் பட்டவுடன் ஒலி எழவேண்டும். நொடியில் நூற்றிலொரு பங்கு தாழ்ந்தாலும் தாளம் தடுமாறும் என்பது உண்மைதான். ஆனால், 2011இல் வெளிவந்து உலக மேடைகளில் ஒலித்த கோர்க் க்ரோனோஸ் என்னும் இசைப்பலகையின் உள்ளே இயங்குவது எது? லினக்ஸ்! உடனுக்குடன் இயங்குவதற்கான திருத்தங்களும், இருபதாண்டு உழைப்புக்குப் பின் 2024இல் லினக்ஸ் கருவின் தலைமைப் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. முதற் காரணம் முறிந்தது.

லினக்சில் வகைகள் பல, எல்லாவற்றுக்கும் ஆக்குவது பெருஞ்சுமை என்பது இரண்டாம் காரணம். சுமை உண்டு, மறுக்கவில்லை. எனினும், பெர்லின் நகரத்துப் பிட்விக் நிறுவனம் 2014இல் தன் மென்பொருளின் முதற் பதிப்பையே லினக்சுக்கும் சேர்த்து வெளியிட்டது. ரீப்பர், ரெனாய்ஸ், வேவ்ஃபார்ம் ஆகியவையும் லினக்சில் இயங்குகின்றன. சிறிய நிறுவனங்கள் சுமந்த சுமையைப் பெரிய நிறுவனங்கள் தூக்க முடியாது என்றால் நம்புவதற்கில்லை.

வாங்குவோர் சிலர் என்பது மூன்றாம் காரணம். இதுதான் உண்மைக் காரணம். ஆனால் அவர்கள் ஏன் சிலராக இருக்கிறார்கள்? மென்பொருள் இல்லாததால் இசைஞர் லினக்சுக்கு வருவதில்லை. இசைஞர் வராததால் மென்பொருள் வருவதில்லை. செக்கு மாட்டின் சுற்று இது! தமிழிசைக் கிளர்ச்சியின்போதும் இதே சுற்றைக் கண்டோம். தமிழில் போதிய பாடல் இல்லை, ஆகவே மேடையில் இடமில்லை என்றனர். மேடையில் இடமில்லையேல் பாடல் எங்ஙனம் பெருகும்? 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மேடை கிடைத்தது, பாட்டும் பெருகியது. கூட்டம் சேர்ந்த பிறகுதான் வழி திறப்போம் என்பவர், வழி இல்லாததால்தான் கூட்டம் சேரவில்லை என்பதை மறைக்கிறார்.

ஆயினும், எண்ணிக்கை பார்ப்பதே குற்றம் என்று நான் கூறமாட்டேன். ஊருக்கு ஓர் உணவகம் நடத்துபவர் தெருவுக்கொன்று திறக்கவில்லையே என்று அவரைத் தண்டிக்க முடியுமா? விற்க மறுப்பது கருணைக் குறைவாகலாம், அறிவுக் குறைவாகலாம். அதுவே அநீதி ஆகிவிடாது. அநீதி வேறோர் இடத்தில் தொடங்குகிறது. கலைஞன் ஆக்கிய பாட்டை, அந்த ஒரு கருவியால் அன்றி வேறெதனாலும் முழுமையாகத் திறக்கவொண்ணாத கோப்பாக்கிப் பூட்டுகிறார்களே, அங்கே! கருவி அவர்கள் உடைமை. பாட்டு எவர் உடைமை? உளியைச் செய்தவன் சிலைக்கு உரிமை கொண்டாடலாமா?

இது லினக்ஸ்காரர் வழக்கு மட்டும்தானே என்று வின்டோஸ்காரர் வாளா இருக்க வேண்டா. லாஜிக் மென்பொருளை ஆக்கியது எமாஜிக் என்னும் ஜெர்மானிய நிறுவனம், வின்டோசுக்கும் ஆக்கிவந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டே வின்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிப் பயின்று, அதிலே பாட்டுகளைச் சேர்த்து வைத்தோர் நிலை என்ன? நேற்றுவரை வீட்டுக்காரர் என்று நினைத்திருந்தோர், தாம் குடியிருப்போரே என்று அன்று உணர்ந்தனர்.

தாம்பரத்துக்காரர்க்கு இது விளங்காத செய்தி அன்று. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது மீட்டர் பாதையில். அகலப் பாதையில் வந்த சரக்கு, மீட்டர் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கி ஏற்றப்பட வேண்டும். அரிசி அதே அரிசி, மூட்டை அதே மூட்டை. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் மட்டுமே வேறு! அந்த வேற்றுமை 2004இல் இத்தடத்தில் ஒழிந்தது. எந்த வண்டியும் செல்லத்தக்க பொதுப்பாதை வேண்டும் என்பது இருப்புப்பாதைக்குப் பொருந்தும், இசைக்கோப்புக்குப் பொருந்தாதோ?

பொருந்தும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1983இல், போட்டி நிறுவனங்களான ரோலண்டின் இகுடாரோ ககெஹாஷியும் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று, எந்நிறுவனத்துக் கருவியும் எந்நிறுவனத்துக் கருவியோடும் பேசுதற்கு மிடி என்னும் பொதுமுறையை உலகுக்கு அளித்தனர். உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. அதனால் வணிகம் அழிந்ததா? தழைத்தது! அதே 1983இல்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்தார். நாற்பதாண்டு கழிந்து, 2023இல், பிட்விக்கும் பிரிசோனசும் டா-பிராஜெக்ட் என்னும் பொதுக்கோப்பு முறையை வெளியிட்டன. 2024இல் கியூபேசும் அதனை ஏற்றது. பூட்டைக் கழற்றினால் கடை சரிந்துவிடாது என்பதை வணிகரே மெய்ப்பித்து வருகின்றனர்.

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். நேர்வழி எது? ஆர்டர், எல்.எம்.எம்.எஸ்., ஆடாசிட்டி முதலியவை லினக்சில் இயங்கும் கட்டற்ற மென்பொருள்கள். பறையைப் பதியவும், பாட்டை ஏற்றவும், பலவற்றைக் கலக்கவும் அவை போதும். பயில்வது சற்றுக் கடினம். வணிகப் பொருளின் பளபளப்பும் இராது. அவனிடம் அவற்றைக் காட்டினேன். மாலை வேளைகளில் சேர்ந்தே பயில்கிறோம். ஆனால், ஓர் ஆசிரியனும் ஒரு மாணவனும் தேடிக் கண்டால் போதுமா? இயங்குதளத்தைக் கொடுத்த அரசு, அதில் என்ன செய்யலாம் என்பதையும் கற்பிக்க வேண்டாவா? கருவியைக் கொடுத்துப் பயிற்சியைக் கொடாதது, ஏட்டைக் கொடுத்து எழுத்தை மறைப்பதற்கு ஒப்பாகும்.

தோழர்களே! நமது கடமை மூன்று. பள்ளியிலும் படிப்பகத்திலும் கட்டற்ற கருவிகளைப் பயிற்றுவிப்போம். பொதுப் பணத்தில் உருவாகும் எந்த இசைப்பதிவும் பொதுக்கோப்பு முறையில் இருத்தல் வேண்டும் என்று கோருவோம். வணிக மென்பொருளை வாங்க வல்லோர், வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "என் பாட்டை எடுத்துக்கொண்டு நான் வெளியே போக விடுவாயா?"

எல்லாக் கடையும் நமக்காகத் திறக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ளே சென்றவன் தன் பாட்டோடு திரும்பி வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம். பறையின் ஒலிக்குப் பூட்டுப் போட எவராலும் இயலவில்லை. அதன் பதிவுக்கு மட்டும் பூட்டுப் போட ஏன் இடம் கொடுக்க வேண்டும்?