வியப்பும் விசாரணையும்



மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை இன்று நம் இல்லங்களில் பெரும்பாலும் கைப்பேசியே எடுத்துக்கொள்கிறது. அதில் வீணானவையும் விலக்கப்பட்டவையும் மலிந்து கிடப்பதை யாவரும் அறிவர். அவற்றைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடக்கூடிய விஞ்ஞானப் படங்களும் வருகின்றனவே, அவற்றைப் பார்த்து "ஸுப்ஹானல்லாஹ்!" என்று சொல்லி, அடுத்த நொடியே பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோமே, அந்த வியப்பைப் பற்றியே ஆராய விரும்புகிறோம். வியப்பது நல்லதே. ஆனால் வியந்ததை விசாரிக்காமல் பிறர் கையில் கொடுப்பது ஆகுமா?

ஒரு படத்தைப் பாருங்கள். நன்கு காய்ந்த உலோகத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரை விடுகிறார்கள். அது உடனே ஆவியாகிப் போகாமல், முத்துப் போல உருண்டு ஓடுகிறது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கின்றனர். வேடிக்கை என்னவென்றால், இந்த முத்தை நம் வீட்டுப் பெண்கள் தோசைக் கல்லிலேயே பார்த்திருக்கிறார்கள்! கல் அளவோடு காய்ந்திருந்தால் தெளித்த நீர் 'சுர்'ரென்று போய்விடும். மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டால் துளி உருண்டோடும். 1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். சூடு ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது, துளியின் அடிப்பாகம் கல்லை நெருங்கியதுமே ஆவியாகி, அந்த ஆவியே மெத்தை போல் துளியைத் தாங்கி நிற்கிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதிகச் சூட்டில் துளி அதிக நேரம் பிழைத்திருக்கிறது.

"காரணம் தெரிந்துவிட்டதே, இனி இதில் வியக்க என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. காரணம் தெரியாத வரைதான் ஒன்று இறைவனின் அத்தாட்சி என்று எண்ணுவோரும் உண்டு. இருவர் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. அறியாமையின் மேல் ஈமானைக் கட்டினால், அறியாமை குறையக் குறைய அந்தக் கட்டடமும் சரியும். துளி உருள்வதைக் காட்டிலும், அதை எரிக்க வந்த சூடே அதற்குக் கேடயத்தை உண்டாக்கிக் கொடுப்பதல்லவா பெரிய வியப்பு! அது காரணம் தெரிந்தவனுக்குத்தான் கிட்டும்.

குறும்படங்களின் குறை இங்கேதான் இருக்கிறது. காட்சியைக் காட்டிவிட்டு, காரணம் வருவதற்குள் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகின்றன. எல்லாப் படங்களும் அப்படி என்று சொல்வது நியாயமாகாது. 2013-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் மோல்ட் என்பவர் ஒரு படம் காட்டினார். ஜாடி நிறைய மணிச் சங்கிலி. அதன் நுனியை வெளியே இழுத்துவிட்டால் மீதியெல்லாம் தானே ஓடி வந்து விழுகிறது. அது மட்டுமன்று, ஜாடியின் விளிம்பைத் தாண்டி, நீரூற்றுப் போல வளைந்து மேலெழும்பிய பிறகே கீழிறங்குகிறது! இலட்சக்கணக்கானோர் பார்த்து வியந்தனர். கேம்பிரிட்ஜில் ஜான் பிக்கின்ஸ், மார்க் வார்னர் என்ற இருவர் மட்டும் வியப்போடு நின்றுவிடாமல் கணக்குப் போட உட்கார்ந்தனர். சங்கிலியின் ஒவ்வொரு சிறு துண்டும் விறைப்பான குச்சி போன்றது. ஒரு முனை மேலே இழுக்கப்படும்போது மறுமுனை கீழே அழுத்துகிறது. அடியிலுள்ள குவியல் அதைத் திருப்பி உந்துகிறது என்று 2014-ல் விளக்கினர். அதன் மீதும் பின்னர் வாதங்கள் எழுந்தன. பார்த்தது அரை நிமிடம், விசாரித்தது பல மாதம். நம் மதரஸாக்களில் ஒரு வரி மத்தனுக்குப் பல பக்கம் ஷரஹ் இருப்பதைப் போலத்தான்!

இனி மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம்.

1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15 பயணத்தில் சந்திரனில் நின்ற டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறின் இறகும் ஏந்தி, இரண்டையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. பூமியில் இறகைத் தாமதப்படுத்துவது காற்று. அங்கே காற்று இல்லை. இதுவும் குறும்படமாக வருகிறது, உண்மையான படம்.

இதே சந்திரனைப் பற்றி இன்னொரு செய்தியும் வருகிறது. 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கொலி கேட்டாராம். பிறகு எகிப்தில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினாராம். நமக்கு முந்திய தலைமுறையே கேட்ட கதை இது. இப்போது இசையும் படமும் சேர்த்து உலவ விட்டிருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் இதை மறுத்தார். எந்த மார்க்கத்தையும் அவமதிக்கும் எண்ணம் தமக்கில்லை, ஆனால் செய்தி உண்மையன்று என்று அவர் தெரிவித்ததை, 1983-ல் அமெரிக்க அரசு முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அனுப்பி வைத்தது. 2012-ல் அவர் இறந்தும் விட்டார், கதை இறக்கவில்லை! இறகைத் தாமதப்படுத்தக் காற்றில்லாத இடத்தில், ஓசையைச் சுமந்து வரவும் காற்றில்லை. முதல் படத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இரண்டாவது படத்தின் மீது கேள்வி எழாமலா இருக்கும்?

"நல்ல நிய்யத்தோடுதானே அனுப்புகிறோம், மார்க்கத்துக்குப் பெருமைதானே?" என்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரி 27-ல் நேர்ந்த கிரகணமே அது என வானியல் கணக்கர்கள் கூறுவர். குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அந்தப் பேச்சில் கெட்ட நிய்யத் ஏது? அன்பும் மரியாதையும்தான் இருந்தன. பேசாமல் இருந்திருந்தாலே போதும், அது பெருமையாக நிலைத்திருக்கும். ஆனால் மகனைப் பறிகொடுத்த அந்தத் துக்கத்திலும், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரருக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அறிவித்துவிட்டார்கள். அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும் கூறி, மக்களைத் தொழுகைக்குத் திருப்பினார்கள். தமக்குச் சாதகமாக வந்த பொய்யான வியப்பை மறுத்ததோடு, மெய்யான வியப்பை அதன் இடத்திலேயே நிறுத்தினார்கள்.

இந்த ஹதீஸை எடுத்துக்கொண்டுதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தமது 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் பேசுகிறார்கள். கிரகணத்துக்குக் கணிதப்படி சொல்லப்படும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுக்கப் புறப்படுபவர், மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்பது அவர்களின் கருத்து. தத்துவவாதிகளைக் கண்டிக்க எழுதிய நூலிலேயே இதைச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாப்பா காட்டிய படம் பொய் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொள்ளும் பிள்ளை, வாப்பா சொன்ன மற்றவற்றையும் அதே தராசில்தான் நிறுக்கும். தொழுகையைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் சொன்னதும் அதே வாய்தானே! இந்த நஷ்டத்தை அனுப்புகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணம் வரவிருக்கிறது. அதன் நிழல் புனித மக்கா நகரின் மீதே கடந்து செல்லும். அங்கே 5 நிமிடம் போல் சூரியன் முழுதும் மறைந்திருக்கும் என்று பல்லாண்டுகளுக்கு முன்பே கணித்து வெளியிட்டிருக்கிறார்கள். அன்று கைப்பேசியில் என்னென்ன வரும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். நம் நாட்டின் பல பகுதிகளிலும் அது பகுதிக் கிரகணமாகத் தெரியும். கிரகணத் தொழுகையின் முறையை அறியாதவர்கள் தங்கள் மஹல்லா இமாமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு ஒரு விளக்கையும் இரண்டு பந்துகளையும் வைத்து நிழல் விழும் விதத்தைக் காட்டிக் கொடுக்கட்டும்.