வாக்கும் அறிக்கையும்

பரோல் என்பது பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் அதற்குச் 'சொல்' என்பதே பொருள். பிடிபட்ட போர்வீரன் தன் வாக்கையே பிணையாக வைத்து விடுதலை பெற்ற வழக்கத்திலிருந்து அது சட்டத்துள் புகுந்தது. மலேசியச் சிறைச் சட்டத்தில் 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே பரோல் முறை இடம்பெற்றது. எனினும் அக்கருத்துப் பினாங்குக்குப் புதியதன்று. 1790 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1827 ஆம் ஆண்டின் 'பினாங்கு விதிகள்' அவர்களை வகுப்புகளாகப் பிரித்தன. நன்னடத்தையால் உயர்ந்தவன் அனுமதிச் சீட்டுடன் வெளியே வாழ்ந்து, தன் பிழைப்பைத் தானே தேடிக்கொள்ள இயன்றது. நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகளுள் சிலரே தண்டல்களாகவும் பியூன்களாகவும் நின்று ஏனையோரைக் கண்காணித்தனர். 1899 இல் மேஜர் மக்னேர் வெளியிட்ட நூலின் பெயரே 'கைதிகளே தம் காவலர்' எனப் பொருள்படுவதாகும்.

இன்று அவ்விடத்தில் நிற்பவர் சம்பளம் பெறும் அதிகாரி. இளங்குற்றவாளிகளுக்கு அவர் நன்னடத்தை அதிகாரி. மலாயில் 'பெகாவாய் அக்லாக்'. அக்லாக் என்றால் ஒழுக்கம். ஒருவருடைய ஒழுக்கத்துக்கு மற்றொருவர் அதிகாரியாதல் கூடுமோ என்பது தனி வினா; அது நிற்க.

பாஸ்டன் நகரில் 1841 இல், குடிப்பழக்கத்தால் நீதிமன்றம் ஏறிய ஒருவனுக்குத் தானாக முன்வந்து பிணை நின்ற ஜான் அகஸ்டஸ் ஒரு காலணித் தொழிலாளி. அவரிடமிருந்தே இத்துறை தோன்றிற்று என்பர். அவர் எவருக்கும் அதிகாரியல்லர். 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டமோ அதிகாரிக்கு அறிவுரை, உதவி, நட்பு ஆகிய மூன்றையும் கடமையாக விதித்து, நடத்தையைப் பற்றி அறிக்கை அளிக்கவும் பணித்தது. அங்கேதான் சிக்கல் பிறந்தது. நண்பனிடம் மனம் திறப்பது இயல்பு. திறந்த மனத்தைக் குறிப்பெடுத்து மேலிடத்துக்கு அனுப்புபவரை நண்பர் என எவ்வாறு அழைப்பது? திருக்குறளில் 58 ஆம் அதிகாரம் கண்ணோட்டம். 59 ஆம் அதிகாரம் ஒற்றாடல். மாணவர் ஒரு பக்கம் புரட்டினால் கடந்துவிடும் அவ்விடைவெளியில் இவ்வதிகாரி தம் பணிக்காலம் முழுவதும் நிற்க வேண்டியுள்ளது.

மொழி இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. மலேசியாவின் 2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பிள்ளையின் நடத்தை, இல்லச் சூழல், பள்ளிப் பதிவு முதலியவற்றை விளக்கும் அறிக்கை நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரியிடம், "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான், ஐயா" என்று ஒரு தாய் சொல்வதாகக் கொள்வோம். தமிழில் அது குறைபட்டுக்கொள்ளும் அன்பு. பத்து வீட்டில் எட்டு வீட்டுத் தாய்மார் அன்றாடம் சொல்வது. மலாயில் எழுதப்படும்போது அது 'கட்டுக்கடங்காத பிள்ளை' என்னும் பொருளைத் தாங்கிவிடக்கூடும். அச்சட்டத்திலேயே அப்பெயரில் ஒரு தனி வகை உண்டு. தாய் அறியாமலே தன் மகனுக்கு எதிராகச் சாட்சியம் கூறியவளாகிறாள். இங்கே எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கருதவேண்டும். அதிகாரி தமிழராக இருப்பின் இடர் தீரும் எனச் சிலர் எண்ணுவர். தீராது, 'தம்பி' என்று அவர் அழைத்த மாத்திரத்தில் பையன் தன்னை மறந்து பேசிவிடுவான். உறவுச்சொல் கதவை எளிதில் திறக்கும். திறப்பவர் யார் என்பதை மறைத்தும் விடும்.

ஆகவே, "நீ சொல்வதை நான் எழுத வேண்டியிருக்கும், தம்பி" என முதல் சந்திப்பிலேயே கூறிவிடுவதே வாய்மை. அவ்வாறு கூறினால் பிள்ளை வாயடைத்துப் போவான், உதவ வேண்டிய செய்தியே கிட்டாது என்பர். அம்மறுப்பில் உண்மையில்லாமல் இல்லை. எனினும், தெரிந்தே மறைப்பவன் பின்னொரு நாள் பேசலாம். நம்பிச் சொன்னதைத் தனக்கெதிராய் நீதிமன்றத்தில் கேட்டவன் பிறகு எந்தப் பெரியவரிடமும் பேசமாட்டான். ஓர் ஆசிரியரும் இதனை அறிவார்.

அறிக்கையை அனுப்புமுன் அதனைத் தமிழில் அத்தாய்க்குப் படித்துக்காட்ட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில், "நான் அப்படிச் சொல்லலீங்களே" என்று அவள் இடைமறிப்பாளாயின், அதிகாரி பேனாவை மீண்டும் எடுக்க வேண்டியதாகும்.