நடுங்கும் கைக்குச் செய்யும் மரியாதை

எங்கள் மதுராந்தகம் பக்கத்தில் பெரியவர் ஒருவருக்குக் கை நடுங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். என் பெரியப்பாவுக்கும் ஊர் சொன்ன தீர்ப்பு அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருக்கும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் நடுக்கம் குறையும். கணக்கு நோட்டில் எழுத்து, வரி முடிவதற்குள் பொடிப்பொடியாகச் சுருங்கிவிடும். முகத்தில் அசைவு குறைந்ததால், தாத்தா கோபமாக இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்கினார்கள். ரசம் சிந்திவிடுமே என்று கல்யாணப் பந்தியில் உட்காருவதையே அவர் நிறுத்திவிட்டார்.

இவை முதுமையின் கணக்கில் சேர்பவை அல்ல, பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள். 1817-ல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தான் குறிப்பிட்ட ஆறு பேரில் சிலரைத் தெருவில் பார்த்தே அறிந்தவர். கூர்ந்து பார்ப்பதே மருத்துவத்தின் தொடக்கம்.

அப்படிப் பார்த்த ஒருவராக டாக்டர் டி.எஸ். கனகாவை நினைத்துக்கொள்கிறேன். 1968-ல் நரம்பியல் அறுவை சிகிச்சையில் பட்டம் பெற்றவர். உலகிலேயே அந்தத் துறைக்கு வந்த முதல் சில பெண்களில் ஒருவர். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம் ஆகியோருடன் உழைத்தார். சி.டி. ஸ்கேன் இல்லாத காலம். நடுக்கத்தை அடக்க, நோயாளியின் தலையில் உலோகச் சட்டகத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் அளவெடுத்து, சிறு துளை வழியாக மெல்லிய மின்முனையை மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ் பகுதி வரை செலுத்துவார்கள். நோயாளி விழித்தே இருப்பார். கையை நீட்டச் சொல்லி, பேச்சுக் கொடுத்து, நடுக்கம் அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. 1975-ல் மூளைக்குள் மின்முனையைப் பதித்து வைக்கும் சிகிச்சைக்கும் இந்தியாவில் அவர் முன்னோடியானார்.

ஓய்வுக்குப் பிறகு குரோம்பேட்டையில் பெற்றோர் பெயரில் அறக்கட்டளை அமைத்து ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். நூறு முறைக்கு மேல் ரத்ததானம் செய்தவர். 2018 நவம்பரில் மறைந்தார்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில்தான் அந்தக் குரோம்பேட்டையும் இருக்கிறது. அறிவு நமக்கு அருகிலேயே இருந்தும் கண்ணில் படாமல் போவதுண்டு. வேலியோரம் படரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சனுக்கு முதன்மையான மருந்தாக நிலைபெற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக விதையை அரைத்துக் குடிப்பது ஆபத்து. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த நோய் முற்றிலும் தீராது. ஆனால் மருந்தால் நடுக்கமும் இறுக்கமும் குறையும். பல ஆண்டுகள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை தொடங்கிய பிறகு பெரியப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறோம். அது நல்ல வழக்கம். அவர்கள் நடை ஏன் தளர்ந்தது, எழுத்து ஏன் சுருங்கியது என்று கவனித்து, நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போகும்போதுதான் அந்த மரியாதை முழுமை அடைகிறது. நடுங்கும் கையை விதி என்று விட்டுவிடாமல் ஆராய்ந்த கனகா போன்றவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும் அதுவே.