நெஞ்சுக்குள் நீர்க்கட்டி

வெளிநாட்டு வேலைக்காக எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்தை ஒட்டி உருண்டையாக ஒரு நிழல். ஆளுக்கோ இருமல்கூட இல்லை. நெஞ்சறை நீர்க்கட்டிகள் பலவும் இப்படித் தற்செயலாகத்தான் அகப்படுகின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் அந்தப் படத்தோடு திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுவது வழக்கம். 1951-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன.

கட்டி இருக்கும் இடமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். நெஞ்சின் நடுப்பகுதியில் முன்புறம் என்றால் தைமஸ் சுரப்பியைச் சேர்ந்ததாக இருக்கலாம். இதயத்துக்கு வலப்புறம், உதரவிதானத்தின் மேல் என்றால் பெரும்பாலும் இதய உறையின் கட்டி; உள்ளே தெளிந்த நீர்தான். தொந்தரவு தராதவரை கண்காணித்தாலே போதும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தருகே இருப்பது வேறு வகை. கருவில் மூச்சுக்குழாய் உருவானபோது பிரிந்து தங்கிய திசு அது. அதன் உட்சுவர் சளி சுரந்துகொண்டே இருக்கும். கட்டி பெருத்து மூச்சுவழியை நெருக்கலாம், சீழும் பிடிக்கலாம். அதனால் எடுத்துவிடச் சொல்வார்கள்.

முன்பு இதற்கு விலாப்பக்கம் நீளமாகக் கீறி எலும்புகளை விரிக்க வேண்டியிருந்தது. 1910-ல் ஸ்வீடன் மருத்துவர் யாக்கோபேயுஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியையே நெஞ்சுக்குள் செலுத்திப் பார்த்தார். 1990களில் வீடியோ கேமரா சேர்ந்தபின் அந்த வழி பெரிய அறுவைகளுக்கும் திறந்தது.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இரட்டைக் குழாய் மூலம் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று செலுத்துவார்கள். மற்றது சுருங்கி இடம் தரும். விலா இடுக்கில் இரண்டு மூன்று சிறு துளைகள்: ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கட்டி பெரிதானால் நீரை உறிஞ்சிச் சுருக்கி, சுவரை மெல்ல உரித்து, பைக்குள் போட்டுத் துளைவழியே இழுப்பார்கள். நாடாப்புழுவால் வந்த கட்டி என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்த நீர் சிந்தினால் கடும் ஒவ்வாமை வரலாம், புழுவும் பரவலாம்.

சிக்கலான கட்டம் உரிப்பதுதான். மூச்சுக்குழாயோடோ உதரவிதான நரம்போடோ சுவர் ஒட்டியிருந்தால், இழுத்துக் கிழிப்பதைவிட அந்தத் துண்டை விட்டு அதன் உட்படலத்தைச் சுட்டுவிடுவது நல்லது. சுரக்கும் படலம் மிஞ்சினால் கட்டி திரும்பலாம். ரத்தம் அடங்காவிட்டால் நெஞ்சைத் திறந்தே ஆகவேண்டும். அது தோல்வி அல்ல.

ஆகவே மருத்துவரிடம் “தழும்பு எவ்வளவு?” என்று கேட்குமுன், “சுவர் முழுதும் வந்துவிடுமா?” என்று கேளுங்கள். எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.